பாவ்-லுவானின் பாட்டுகள் குடிபோன கதை

நான் குடியிருப்பது நான்காம் மாடி. எங்கள் தைவானில் நான்கு என்ற சொல் சாவு என்பது போலவே ஒலிக்கும், அது சாவின் எண் என்பதால் வாடகை கொஞ்சம் குறைவு. தலைக்கு மேலே ஐந்தாம் மாடியில் யூ பாவ்-லுவான் இருக்கிறாள் என்பதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பாவ்-லுவான் பாடுவாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எங்கள் துறைமுக ஊரான கீலூங்கில் மழை பெய்யும் என்று சொல்வது போலச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் ஆரம்பிப்பாள். சாயங்காலம் குப்பை வண்டி வரும் நேரத்துக்கு நிறுத்துவாள். எல்லாம் எங்கள் இளமைக்காலத்துப் பாட்டுகள். துறைமுகம், மழை, கப்பல், திரும்பி வராத மாலுமி, கரையில் காத்திருக்கும் பெண். ஒவ்வொரு பாட்டிலும் யாராவது யாரையாவது விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பாவ்-லுவான் மட்டும் எங்கேயும் போகமாட்டாள்.

பதினெட்டு வயதில் பேருந்து நடத்துநராகச் சேர்ந்தவள் அவள். கழுத்தில் ஊதல், இடுப்பில் பை, மலைப்பாதையில் ஒவ்வொரு நிறுத்தமாகப் பெயர் சொல்லிக் கூவுகிற வேலை. அப்போது அவள் குரல் இருந்த இருப்பைப் பற்றி அந்தத் தடத்தில் போனவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். பிறகு காசு போடும் பெட்டி வந்தது, நடத்துநர்கள் போனார்கள். அவளைப் பேருந்து நிலையத்தில் சீட்டு விற்கும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஒரு சின்ன ஓட்டை வழியாக 'அடுத்த ஆள்', 'சில்லறை இல்லையா' என்று பேசியே ஓய்வு பெறும் வயதை எட்டினாள். அத்தனை வருஷம் உள்ளே தேங்கிய குரல்தான் அணை உடைந்து எங்கள் தலையில் கொட்டுகிறது என்பது என் கணிப்பு.

சின்ச்சுவில் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் மகன், தனக்கு வேண்டாத லேப்டாப் ஒன்றில் கரோக்கே மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. அவன் எங்களோடு குடியிருக்கவில்லை. அந்த மாதமே கட்டடக் கூட்டத்தில் சத்தத்தைப் பற்றிப் புகார் வந்தது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, இன்று கேட்டாலும் தூக்குவேன். மறுநாளே பாவ்-லுவான் பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். விளைவு என்ன? எக்காளமும் வயலினும் முழு வாத்தியக் கோஷ்டியும் அவள் காதுக்குள் போயின. எங்களுக்கு வெறும் குரல் மட்டும் வந்தது. முன்பாவது வாத்தியத்தில் கொஞ்சம் மறைந்திருக்கும். தேள் போய்ப் பாம்பு வந்த கதை.

பாடியதை எல்லாம் பதிவு செய்வாள். சிவப்புப் பொத்தானை அழுத்தாமல் ஒரு வரிகூடப் பாடமாட்டாள். பன்னிரண்டு வருஷத்துப் பாட்டும் அந்த லேப்டாப்புக்குள் கிடந்தது. ஆனால் ஒன்றைக்கூட அவள் திருப்பிப் போட்டுக் கேட்டதில்லை. ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

"அது வயசான காலத்துக்குடி. எல்லாத்தையும் இப்பவே கேட்டுத் தீத்துட்டா, அப்ப நான் எதைக் கேக்கறது?"

அவளுக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது.

அவள் கணவர் லியாவ் தியன்-சாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேன் உச்சியில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர், இறங்கி வந்த பிறகும் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் பாடும்போது பக்கத்திலேயே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தூண்டில் முள் கட்டிக்கொண்டிருப்பார். பாட்டைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொன்னது கிடையாது. பாவ்-லுவானுக்கு அது உறுத்தல்தான். "பன்றிக்கறிக் கொழம்புக்கு 'உப்பு சரி'ங்கறான். என் பாட்டுக்கு அதுவும் இல்ல" என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள். படிக்கட்டில் அவரை நிறுத்தி, "அண்ணே, பக்கத்துலயே உக்காந்து எப்படித்தான் தாங்கறீங்க?" என்று கேட்டேன்.

"கிரேன் ஓட்டினவன்மா நான். கீழ என்ன கூச்சல் போட்டாலும் மேல கேக்காது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் சந்திர நாள்காட்டியின் ஆறாம் மாதம் பாவ்-லுவானின் தொண்டையில் கட்டி இருப்பது தெரிந்தது. தைராய்டு. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஏழாம் மாதம் செத்தவர்களின் ஆவிகள் வெளியே உலவும் பேய் மாதம் என்பதால் அறுவை சிகிச்சையை எட்டாம் மாத நிலா விழாவுக்குப் பிறகு வைத்துக்கொண்டார்கள். அந்த மாதத்தில் யாரும் தானாகப் போய்க் கத்தி வைத்துக்கொள்வதில்லை என்பது டாக்டருக்கும் தெரியும். அந்த மாதம்தான் அவர் வெளிநாடு போய்வருவாராம். இவர்கள் எழுந்து கிளம்பும் நேரத்தில் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: குரல் நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வேன், பேச்சு வந்துவிடும், உச்சத்தில் பாடுகிற குரல் பழையபடி வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பாவ்-லுவான் இதை என்னிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். கையில் முட்டைக்கோஸ் இருந்தது. "பயமா இருக்குடி சியூ-சின்" என்றாள். "சாவுக்கு இல்ல. பாட்டு போயிடும்னு. போச்சுன்னா, நான் பாடினேங்கறதுக்கு அந்தப் பொட்டி ஒண்ணுதான் சாட்சி."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சாட்சி தகராறு செய்ய ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் எந்த விஷயமும் குப்பை வண்டி வரிசையில்தான் தீர்மானமாகும். வண்டி வருவதற்கு முன்பே எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு முக்கில் வந்து குடையோடு நிற்போம். ஓய்வு பெற்ற சோங் வாத்தியார் அங்கே தினமும் இருப்பார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரியாவிட்டாலும் சொல்வார். இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்திருந்தது.

"லேப்டாப்புல என்ன சத்தம் வருது?" என்று கேட்டார்.

"பல்லி மாதிரி. டிக், டிக். அப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுடுது."

"அது பல்லி இல்லம்மா. உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் 'போயிட்டு வரேன்'னு சொல்லுது. வெளியில மாட்டற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு இன்னிக்கே வாங்கி எல்லாத்தையும் நகல் எடுத்துடுங்க."

"இன்னிக்கா? ஏழாம் மாசத்துலயா?"

"ஹார்ட் டிஸ்குக்கும் ஏழாம் மாசத்துக்கும் என்ன சம்பந்தம்? இது என்ன வீடா?"

"என் பாட்டெல்லாம் அதுலதானே குடி போவுது? அப்ப வீடுதான். பேய் மாசத்துல யாராவது குடி போவாங்களா?"

"மூடநம்பிக்கைம்மா இதெல்லாம்."

"அப்படியா? நீங்க முன்பணம் கட்டின ஸ்கூட்டரை ஏன் வாத்தியாரே இன்னும் வீட்டுக்கு ஓட்டிட்டு வரல?"

வாத்தியார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எட்டாம் மாதம் பிறக்கட்டும் என்று அவர் ஸ்கூட்டரைக் கடையிலேயே நிறுத்தி வைத்திருப்பது தெருவுக்கே தெரியும். அதற்குள் குப்பை வண்டி போட்டுக்கொண்டு வரும் பாட்டு கேட்டது, எல்லோரும் பையை வீசினோம்.

வாங்கத்தான் கூடாதே தவிர பார்க்கத் தடை இல்லை. மறுநாள் பாவ்-லுவான் என்னையும் இழுத்துக்கொண்டு கோயில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெயர் கே. வாயில் எப்போதும் பல்குச்சி இருக்கும். இயந்திரங்கள் சமர்த்தாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கல்லா மேல் 'சமர்த்து' என்று பெயர் போட்ட பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"பார்க்கத்தான் வந்தேன். வாங்கல" என்றாள்.

"இந்த மாசம் எல்லாரும் பார்க்கத்தான் வர்றாங்க" என்றார் கே. "உக்காருங்கக்கா."

அவர் முதலில் எடுத்து வைத்தது தீப்பெட்டி அளவில் ஒன்று. "இதுல சுத்தறது, ஆடறது எதுவும் கிடையாது. கீழ விழுந்தாலும் கவலை இல்ல. விலைதான் கொஞ்சம் கூட."

பாவ்-லுவான் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லிவிட்டுக் காதருகே கொண்டுபோனாள். "சத்தமே காணோமே."

"அதாங்கக்கா இதோட விசேஷம்."

"உசுரு இருக்கா போச்சான்னு எப்படித் தெரியும்?"

கே பல்குச்சியை வாயின் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினார். "தெரியாதுதான். போனா சொல்லிக்காமதான் போகும்."

"அப்ப எனக்கு வேண்டாம். அடுத்தது காட்டுங்க."

அடுத்தது உள்ளே தட்டு சுழலும் பழைய வகை. அதை மாட்டியதும் மெல்ல உறுமியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டாக்டர்கூட அவள் தொண்டையை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டார். "இது மூச்சு விடுதுடி" என்று என்னிடம் சொன்னாள். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

"நாலு டெராபைட் எடுத்தீங்கன்னா இப்ப சலுகை விலை" என்றார் கே.

"கத்தி வெச்சுக்கப் போறவகிட்ட நாலுன்னு சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"அய்யய்யோ, மன்னிச்சுக்கங்கக்கா. அஞ்சு பாருங்க. ஆனா உங்க பாட்டு மொத்தத்துக்கும் இதுல ஒரு மூலை போதும்."

"இருக்கட்டும். குடி போற இடம் தாராளமா இருக்கணும்."

இணையத்திலேயே வைத்துவிடலாம், பெட்டியே வேண்டாம் என்றும் கே சொல்லிப் பார்த்தார். "என் துணியை ஊரான் மொட்டைமாடியில காயப் போடுவேனா?" என்று கேட்டாள். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கடைசியாக ஒன்று மட்டும் சொன்னார்: "எதை வேணா வாங்குங்க. ஆனா பாட்டு ரெண்டு இடத்துல இருக்கணும்." டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால் நாம் எப்படித் தலையாட்டுவோமோ அப்படி அவள் தலையாட்டினாள்.

அந்த மாதம் முழுவதும் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மெத்தையில் படுக்க வைத்து மேலே துண்டு போர்த்தியிருந்தாள். பாட்டும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உண்மையில், மேலே எந்தச் சத்தமும் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது. சாயங்காலம் வந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

எட்டாம் மாதம் பிறந்ததும் சிவப்பு நிறத்தில் அந்த ஹார்ட் டிஸ்கை வாங்கி வந்தாள். பஞ்சாங்கத்தில் 'குடிபோக உகந்தது' என்று போட்டிருந்த நாளில் என்னையும் கூப்பிட்டாள். சோங் வாத்தியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் கதை இந்த இடத்தோடு முடிந்திருக்கும்.

புது வீட்டுக்குப் போகும்போது என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தாள். தியன்-சாய் அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தார், அதன்மேல் சிவப்புக் காகிதம். பின்னால் அவள் உப்புப் பொட்டலத்தோடும் புதுத் துடைப்பத்தோடும் வந்தாள். எல்லாவற்றையும் மேஜைமேல் ஹார்ட் டிஸ்கைச் சுற்றி வைத்தாள். அடுப்பில் இனிப்பு அரிசி உருண்டை வெந்துகொண்டிருந்தது. லேப்டாப் நல்லவேளையாகத் திறந்துகொண்டது. வாத்தியார் எழுதிக் கொடுத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் பாட்டுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். அங்கேதான் நின்றாள்.

"இங்க ரெண்டு இருக்கு. ஒண்ணு காப்பி. ஒண்ணு கட். காப்பின்னா?"

"அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்" என்றேன். எனக்கு அவ்வளவு தெரியும்.

"கட்டுன்னா?"

"அங்கேருந்து எடுத்து இங்க வெச்சுடும்."

"வாத்தியார் காப்பின்னு எழுதியிருக்காரு. அவருக்குக் கணக்குதான் வரும், குடித்தனம் தெரியாது. பழைய வீட்டுல பாதியும் புது வீட்டுல பாதியும் வெச்சா அந்தக் குடும்பம் உருப்படுமா? போறதுன்னா மொத்தமா போயிடணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது ஒரு சீப்பைக்கூட அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரவிடவில்லை. தியன்-சாயைப் பார்த்தோம். அவர் அரிசி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவ்-லுவான் 'கட்' என்பதை அழுத்தினாள். நாங்கள் உருண்டை சாப்பிட்டு முடிக்கும் வரை பாட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. போய் முடிந்ததும் லேப்டாப்பில் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். காலி பண்ணிய வீட்டைப் பெருக்காமல் விடக்கூடாதாம்.

இதில் யார்மேல் தப்பு என்று பிறகு வாத்தியார் நிறையப் பேசினார். நகல் எடுத்து வைக்கத்தான் ஹார்ட் டிஸ்க் வாங்கினாள். கடைசியில் நகலும் இல்லை, இரண்டாவது இடமும் இல்லை. முன்பு பழைய பெட்டியில் ஒற்றையாய் இருந்த பாட்டுகள் இப்போது புதுப் பெட்டியில் ஒற்றையாய் இருந்தன. எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

புது வீட்டை எந்தத் திசையில் வைப்பது என்று அடுத்த யோசனை. முதுகு மலைப் பக்கம், முகம் கடல் பக்கம். அப்படிப் பார்த்தால் அலமாரியின் உச்சிதான் இடம். அங்கே வைத்து, ஒரு நீளமான ஒயரை லேப்டாப்புக்கு இறக்கிவிட்டாள். குடியேறிய வீட்டில் குரல் கேட்க வேண்டும் என்று அன்றே பாட ஆரம்பித்தாள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் முடிந்த மட்டும் பாடிவிடவேண்டும் என்ற வெறியும் இருந்தது.

நிலா விழாவுக்கு முந்தின நாள் மதியம் எனக்குத் தலைக்கு மேல் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாட்டு நிற்கவில்லை. மாலுமி கப்பலேறிவிட்டான், பெண் கைக்குட்டையை ஆட்டினாள், அதற்குப் பிறகுதான் நின்றது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் விழுந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. ஒயர் காலில் மாட்டியிருக்கிறது. தியன்-சாய் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டுத் தரையைக் காட்டியிருக்கிறார்.

நான் போனபோது அவள் அதைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள். முன்பு உறுமிய பெட்டி இப்போது 'டொக், கர்ர், டொக்' என்றது. "மூச்சுத் திணறுதுடி" என்றாள். தியன்-சாய் அவள் கையிலிருந்து அதை வாங்கி ஒயரைப் பிடுங்கினார். பிறகு மழைச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடையில் கே அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "உள்ள ஊசி தட்டுல உரசிடுச்சு. தாய்பேக்கு அனுப்பி, தூசி இல்லாத அறையில பிரிச்சுப் பார்க்கணும். மாசக் கணக்குல ஆகும். வரும்னும் சொல்ல முடியாது." பிறகு கேட்டார்: "அதான் லேப்டாப்புல இருக்கே, எதுக்குக் கவலை?"

பாவ்-லுவான் சொன்னாள். துடைப்பம், குப்பைத் தொட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கே பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவர் அதை எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, உங்க மாதிரி குடி போனவங்களை நான் பார்த்ததே இல்ல. சரி, லேப்டாப்பைக் கொண்டாங்க. அழிச்சாலும் உடனே அழியாது. வீட்டைக் காலி பண்ணினாலும் சுவத்துல ஆணி இருக்கும் இல்லையா? ஆனா இதுவும் சாகக் கிடக்குது. வந்த வரைக்கும் லாபம்."

பாவ்-லுவான் நிலா விழாவுக்கு இனிப்புகூட வாங்கவில்லை. பாடவும் இல்லை. பாடினால் என்ன, தொண்டை இன்னும் இருக்கிறதே என்றேன். "இனிமே எல்லாத்தையும் முதல்லேருந்தா? ஒரு வாரத்துலயா?" என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கே கூப்பிட்டார். அவளும் தியன்-சாயும் நானும் போனோம். சோங் வாத்தியார் புது ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

"பெரும்பாலும் கிடைச்சிடுச்சு. ஆனா பேரெல்லாம் போச்சு, வெறும் எண்தான் இருக்கு" என்றார் கே. "உங்க பாட்டுதானான்னு கேட்டுச் சொல்லுங்க." கடை ஒலிபெருக்கியில் ஒன்றைப் போட்டார்.

முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். மழை. பிறகு பாவ்-லுவானின் குரல், வெறுமையாக, வாத்தியம் ஒன்றும் இல்லாமல்.

"மியூசிக் எங்க?" என்றாள்.

"மியூசிக் உங்க ஹெட்போனுக்குப் போயிருக்கு. லேப்டாப்போட மைக் அறையில இருந்ததை மட்டும் பிடிச்சிருக்கு."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டது. அடுத்த வரியிலும் அப்படித்தான். அவள் முகம் சிவந்தது. "இப்படியா பாடியிருக்கேன்? பன்னெண்டு வருஷமா இப்படியா?"

வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். "ஆமாக்கா" என்றேன் நான். அந்த நேரத்தில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சரணம் முடிந்து இடையிசை வரும் இடம். வாத்தியம் இல்லை அல்லவா, வெறும் மழைதான் கேட்கும் என்று நினைத்தோம். மழைக்கு அடியிலிருந்து ஒரு ஆண் குரல் எழுந்தது. வாய் திறக்காத முனகல். எக்காளம் வர வேண்டிய இடத்தில் எக்காளம், வயலின் இறங்க வேண்டிய இடத்தில் வயலின், ஒரு சுரம் பிசகாமல், அவசரப்படாமல், இடையிசை முழுவதையும் முனகி முடித்து, அடுத்த சரணம் எடுக்க வேண்டிய சுரத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அங்கே பாவ்-லுவானின் குரல் சேர்ந்துகொண்டது.

கே அடுத்ததைப் போட்டார். அதிலும் இருந்தது. பழையது ஒன்றைத் தேடிப் போட்டார். அதிலும் இருந்தது.

தியன்-சாய் கடையில் தொங்கிய ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா," என்றாள் பாவ்-லுவான். "அது நீயா?"

"ம்."

"உனக்கு மியூசிக் கேக்காதே. நான்தானே காதுல மாட்டியிருந்தேன்?"

"அந்தப் பாட்டெல்லாம் யாருக்குத் தெரியாது?"

"பன்னெண்டு வருஷமா என் பாட்டுக்கு நீ வாயே திறந்ததில்ல."

அவர் ஒயரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "நீ நிறுத்தின இடத்துல எல்லாம் திறந்தேனே."

பாவ்-லுவான் அழுதாள். கண் கலங்கியது என்று மழுப்ப வேண்டாம், கடை வாசலில் போனவர்கள் நின்று பார்க்கும்படி அழுதாள். கே மேஜைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பொட்டில போட்டுக் குடுங்க" என்றாள். "மூச்சு விடாததே இருக்கட்டும். காப்பி."

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. குளிர்காலத்தில் மறுபடி பாட ஆரம்பித்தாள். உச்சம் போய்விட்டது, டாக்டர் சொன்னது சரிதான். கீழ்க்குரலிலேயே மாலுமியை வழியனுப்புகிறாள். லேப்டாப்பும் இல்லை, ஹெட்போனும் இல்லை. தியன்-சாய்க்கும் இனி ஒளிக்க ஒன்றும் இல்லையாதலால் இப்போது கொஞ்சம் உரக்கவே முனகுகிறார், எனக்குக் கீழே கேட்கிறது. பாவ்-லுவானின் பாட்டைப் பற்றி நான் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அடுத்த கூட்டத்திலும் கை தூக்குவேன். ஆனால் அவள் நிறுத்தும் இடத்தில் நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.